பொட்டு வைத்த கூட்ஸ் வண்டி

அத்தியாயம் 14

போன வாரம் வெற்றிவேல் போனைத் துண்டித்த வேகத்தில், கேட்டுக்கொண்டிருந்த சந்திரிகாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே ஓடவில்லை. பின்னே? மூன்று வருஷமாகக் கூடுவாஞ்சேரியில், அரைமணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு, சேலையூர் பக்கமே எட்டிப் பார்க்காத கொழுந்தன், திடுதிப்பென்று கூப்பிட்டு, "அண்ணி, ஆயுத பூஜை அன்னிக்கு வர்றேன். கூட்ஸ் வண்டியில எனக்கும் பங்கு இருக்கு. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டால் யாருக்குத்தான் ஓடும்?

அப்பா விட்டுப்போன மனையையும் நிலத்தையும் அண்ணன் தினகரனும் தம்பி வெற்றிவேலும் ஒரு வார்த்தை தடிக்காமல் பிரித்துக்கொண்டவர்கள். பிரியாமல் நின்றது இந்தக் கூட்ஸ் வண்டி ஒன்றுதான்.

நிஜ வண்டி இல்லை. உள்ளங்கையில் அடங்கும் பொம்மை வேகன்கள். பொம்மை என்று தினகரன் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள், மனுஷன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மாடல் என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கடைகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தபாலில் வரவழைத்தவை. ஒட்டுவது, மாட்டுவது, பெயிண்ட் அடிப்பது என்ற பேச்சே கிடையாது. டப்பாவைத் திறந்து தண்டவாளத்தில் வைத்தால் அப்படியே ஓடும். எண்ணெய் டேங்கர், நிலக்கரி வேகன், மூடிய சரக்குப் பெட்டி, கன்டெய்னர் ஏற்றும் தட்டை வேகன் என்று அண்ணனும் தம்பியும் பல வருஷமாகச் சேர்த்து, ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

அந்த வண்டியைப் பிரிக்கத்தான் இன்றைக்கு வெற்றிவேல் வருகிறார்.

விடிந்ததிலிருந்தே வீடு ஒரு நிலையில் இல்லை. தினகரனும் மகன் ஸ்ரீரங்கனும் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் இருக்கும் தங்கள் லேத் பட்டறையில் பூஜை போடக் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். கிளம்பும் முன் தினகரன் அலமாரி முன்னால் போய் நின்றார். கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி ஒருமுறை வந்து பார்த்தார். பிறகுதான் போனார்.

மருமகள் ஜெரூஷா இதையெல்லாம் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். ஸ்ரீரங்கனைக் காதலித்துக் கைப்பிடித்து ஆறு மாசம் ஆகிறது. மாமியார் சந்திரிகா முதல் வாரமே 'ஜெரூ, ஜெரூ' என்று ஒட்டிக்கொண்டுவிட்டாள். மாமனார்தான் பிடி கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. வந்தார், ஆசீர்வாதம் செய்தார், சாப்பிட்டார். ஆனால் இன்றுவரை அவள் பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டதில்லை. 'ரங்கன் பொண்டாட்டிகிட்ட சொல்லு', 'அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சா' என்று இப்படியே ஆறு மாசத்தை ஓட்டிவிட்டார். பேர் வாயில் நுழையவில்லையா, நுழைக்க மனசில்லையா என்று தெரியாமல் அவள் தினமும் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னிக்கு எதெல்லாம் கழுவணும்?" என்று கேட்டாள்.

"வேலை செய்யற சாமான் ஒண்ணையும் விடக் கூடாதும்மா. அருவாமணை, மிக்ஸி, தையல் மெஷின், வாசல்ல நிக்கற ஸ்கூட்டி வரைக்கும் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சிடு. நான் கடலை வேக வெக்கணும், வடைக்கு அரைக்கணும், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

ஜெரூஷா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் ஆயுத பூஜை. ஒரு குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு. வாட்டர் மோட்டாருக்குப் பொட்டு. தன் லேப்டாப்புக்குக்கூட ஓரமாக ஒரு பொட்டு. ஸ்கூட்டி முகப்பில் இரண்டு பக்கமும் குட்டி வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் கண்ணில் அந்த அலமாரி பட்டது.

கண்ணாடி பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த வேகன்களோ? நிலக்கரி வேகன் பக்கமெல்லாம் துருக்கறை. டேங்கரின் வயிற்றில் எண்ணெய் வழிந்த கோடு. தட்டை வேகன்மேல் செம்மண் புழுதி. பாவம் மாமா, முதுகு வலியோடு கண்ணாடியைத்தான் துடைக்க முடிகிறது, உள்ளே யார் கைவைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. சாயங்காலம் தம்பி வந்து பங்கு கேட்கும்போது, இப்படியா அழுக்கும் துருவுமாக நிறுத்தி வைப்பது? வண்டி என்றால் இதுவும் வண்டிதானே? ஸ்கூட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு இதை விட்டால் நன்றாகவா இருக்கும்?

சாவி அலமாரியிலேயே தொங்கியது.

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய டூத் பிரஷ். ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். வாளித் தண்ணீர் கறுத்துப்போனதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று உள்ளே இருந்த நிறமெல்லாம் வெளியே வந்தது. துண்டால் ஒற்றித் துடைத்து, குச்சி முனையால் சந்தனம், அதன்மேல் குங்குமம் என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் வைத்து, பழையபடி வரிசையாக நிறுத்தினாள். வரிசையின் கடைசியில் மட்டும் ஒரு வேகன் அளவுக்குக் காலி இடம் இருந்தது. அதுவும் அவள் கவனத்தில் பட்டது.

"அத்தை, கடைசியில ஒரு எடம் காலியா இருக்கே?"

"பிரேக் வேன் நின்ன எடம். கார்டு உக்காருவாரே, கடைசிப் பெட்டி, அது. மூணு வருஷமா காணோம். உங்க மாமாவும் தேடல, யாரையும் கேக்கல. நீயும் கேட்டு வெக்காத" என்றாள் சந்திரிகா, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல்.

ஜெரூஷா போட்டோ எடுத்து ஸ்ரீரங்கனுக்கு அனுப்பினாள். கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டாள். அனுப்பிய கையோடு போன் அடித்தது.

"ஜெரூ, இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"ஏன், அழகா இல்ல?"

"கழுவினியா? சோப்பு போட்டா?"

"அவ்ளோ அழுக்குப்பா. தண்ணி கரியா போச்சு தெரியுமா?"

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் தள்ளி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அது அழுக்கில்ல ஜெரூ. சித்தப்பா போட்டது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துல போய் மணிக்கணக்கா நிப்பாரு. போற கூட்ஸ் வண்டில எங்க துரு ஏறுது, எங்க கரி படியுதுன்னு பார்த்துட்டு வந்து, அதே மாதிரி பிரஷ்ஷால, கலர் பொடியால ஒவ்வொண்ணா போட்டாரு. புதுசா இருந்தா பொம்மை, அழுக்கானாதான் வண்டின்னு சொல்லுவாரு."

ஜெரூஷா அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சண்டையே அதுலதான். ஊரே நெலத் தகராறுன்னு நெனச்சுக்கினு இருக்கு. அப்பாவுக்கு வண்டி டப்பாவுல வந்த மாதிரியே மின்னணும். ஒரு நாள் வூட்டுக்கு வந்து பாக்கறாரு, மொத்த வண்டியும் அழுக்கு. புதுசை நாசம் பண்ணிட்டியேடான்னு கத்தினாரு. சித்தப்பாவும் பதிலுக்குக் கத்தினாரு. அன்னிக்குப் போனவருதான்."

"அப்ப இன்னிக்கு வந்து பார்த்தா…"

"அப்பா வேணும்னே சுரண்டிப் போட்டாருன்னு சித்தப்பா நெனப்பாரு. வேற இன்னா நெனப்பாரு? நீ அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. நான் கார்ல வரும்போது பதமா சொல்லிக்கறேன்."

வைத்துவிட்டான். வடை மாவு அரைபடும் சத்தம் வீட்டை நிறைத்தது. அலமாரிக்குள் வேகன்கள் நெற்றிப் பொட்டோடு பளிச்சென்று நின்றன.

உட்கார முடியவில்லை அவளால். எழுந்தாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள். சட்டென்று ஒரு யோசனை வந்தது. மேக்கப் டப்பாவை எடுத்துவந்து, கண்ணிமைக்குப் பூசும் காப்பிப் பொடி நிறத்தை விரலால் தொட்டு, ஒரு நிலக்கரி வேகன் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாள். துரு மாதிரி இல்லை, முகத்தில் அடிபட்டு வீங்கிய மாதிரி இருந்தது. அவசரமாகத் துடைத்தாள். அது இன்னும் பரவி, ஓரமெல்லாம் ஜிகினா மின்னியது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் கலந்து மூக்கு ஒழுகியதுதான் மிச்சம்.

அம்மா ஜான்சிக்குப் போன் போட்டாள்.

"நீ ஏன்டி பயப்படறே? உன் மாமியார்தானே எல்லாத்தையும் கழுவச் சொன்னாங்க? அவங்க சொன்னாங்க, நான் செஞ்சேன்னு சொல்லிட்டுப் போயேன்."

"அத்தை ஸ்கூட்டியைத்தாம்மா சொன்னாங்க. இதைச் சொல்லல."

"அப்ப வாயே தொறக்காத. அவங்க அண்ணன் தம்பி பாடு, அவங்க பாத்துக்கட்டும். நீ போய் நடுவுல தலையைக் குடுக்காத, சொல்லிட்டேன்."

அம்மா சொன்னது சுலபமான வழிதான். ஆனால் மாமா காலையில் இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்து நின்ற நிற்பு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. நாசம் பண்ணிட்டியே என்று கத்தினவர், பிறகு ஏன் மூன்று வருஷமாக அந்த நாசத்தைத் துடைத்து எறியவில்லை? சோப்புக்கும் தண்ணீருக்குமா இந்த வீட்டில் பஞ்சம்? கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ஏன் உள்ளே கைவைக்கவே இல்லை?

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் யாரோ பூசணிக்காயை ஓங்கி உடைத்தார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காம்ப் ரோட்டுப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு ஹாரனுக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். வாழைக்கன்று கட்டிய ஆட்டோ போனது, பஸ் போனது. வரவேண்டியவர்கள் மட்டும் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் தாண்ட முடியாமல் நிற்பதாக ஸ்ரீரங்கன் செய்தி அனுப்பினான். 'சொல்லிட்டியா?' என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

"கனகவல்லி ரெண்டு வாட்டி கூப்ட்டிருக்கா" என்று மாவுக் கையோடு போனை எட்டிப் பார்த்தாள் சந்திரிகா. கனகவல்லி வெற்றிவேலின் மனைவி. "அவளும் கூட வர்றா போல. இன்னும் நாலு வடை தட்டிடறேன்."

கூட யாரும் வரவில்லை. சாயங்கால வெயில் சரிந்த நேரத்தில் ஒரு ஆட்டோவிலிருந்து வெற்றிவேல் தனியாக இறங்கினார். தோளில் ஒரு பெரிய பை. அண்ணனைவிட உயரம். முகம் மட்டும் சரியாகத் தூங்காத முகமாக இருந்தது.

"வா வெற்றி! கனகு வரல?"

"அவளுக்கு வேலை அண்ணி."

சந்திரிகா தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். வெற்றிவேல் உட்காரவில்லை. நேராக அலமாரிக்குப் போனார். ஜெரூஷா சுவரோடு ஒட்டி நின்றாள். ஓடிப்போய்க் குறுக்கே நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் கார் வந்து நின்றது. தினகரன் படியேறி வந்தார். பின்னாலேயே பொரி மூட்டையோடு வந்த ஸ்ரீரங்கன், அவளைப் பார்த்து 'சொல்லல' என்று வெறும் உதட்டை அசைத்தான். நல்லா வந்து வாய்த்தான் புருஷன்!

"வாடா" என்றார் தினகரன்.

வெற்றிவேல் திரும்பினார். "கழுவிட்டியாண்ணா?"

தினகரனுக்குப் புரியவில்லை. தம்பி தோளுக்கு மேலாக அலமாரியைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை ஜெரூஷா பார்த்தாள். ஒரு கை தன்னால் எழுந்து கண்ணாடிமேல் படிந்தது.

"நான் வர்றேன்னு சொன்னதும் வேலை மெனக்கெட்டு சுரண்டி வெச்சிருக்க. பொட்டு வேற. அவ்ளோ உறுத்திகினு இருந்துச்சா உனக்கு?" வெற்றிவேலின் குரல் உடைந்தது. "பங்கு கேட்டா நான் வந்தேன்? அது ஒரு சாக்குண்ணா. என் கையால போட்டது எல்லாம் அப்பிடியே இருக்குதான்னு ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தினகரன் மெல்ல ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சமையலறை வாசலில் மனைவி. சுவரோரம் மருமகள். அவள் விரலெல்லாம் மஞ்சளாகச் சந்தனம், முந்தானையில் குங்குமக் கறை. அவள் கண்ணைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமாடா" என்றார். "நான்தான் கழுவச் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமா அழுக்கா வெச்சிக்கினு இருக்க முடியுமா? இன்னா இப்போ?"

வெற்றிவேல் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "ஒண்ணும் இல்லண்ணா. மொத்த வண்டியும் உனக்கே இருக்கட்டும். நான் வரேன் அண்ணி."

ஜெரூஷாவுக்கு அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோனது.

"மாமா சொல்லல!" கத்தியே விட்டாள். "நான்தான் கழுவினேன். அவருக்குத் தெரியவே தெரியாது. இப்பதான் பாக்கறாரு. எனக்கு அது பெயிண்ட்டுன்னு தெரியாது சின்ன மாமா, நிஜமா அழுக்குன்னு நெனச்சுட்டேன். மாமா டெய்லி கண்ணாடியை மட்டும்தான் துடைப்பாரு. உள்ள கையே வெக்க மாட்டாரு. எனக்காகப் பொய் சொல்றாரு."

வாசல்படியில் வெற்றிவேல் நின்றார்.

"நெஜமாண்ணா?"

தினகரன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். "இன்னாடா சொல்லச் சொல்ற? நீ போன மறு வாரமே தூசி படிய ஆரம்பிச்சிடுச்சு. அதுல எது தானா படிஞ்ச தூசி, எது நீ போட்ட தூசின்னு எனக்கு வெளங்கல. துடைச்சா எங்க உன்னுதும் கூடவே போயிடுமோன்னு அப்பிடியே வுட்டுட்டேன். அன்னிக்குக் கத்திட்டேன்டா. அப்புறம் தினம் பாத்துப் பாத்து எனக்கே அதுதான் வண்டி மாதிரி இருந்துச்சு. இத உங்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

சந்திரிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெற்றிவேல் திரும்பி நடந்துவந்து ஜெரூஷா முன்னால் நின்றார். கல்யாணத்துக்கு வராதவர், அவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"யாரும்மா நீ?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து பதில் வந்தது.

"ஜெரூஷா" என்றார் தினகரன். "ரங்கன் சம்சாரம். நம்ம வூட்டு மருமவ. அவளை ஒண்ணும் சொல்லாதடா, புதுசு, ஆசையா செஞ்சிருக்கு."

ஆறு மாசம் காத்திருந்த பேர். எவ்வளவு சுளுவாக, ஒரு எழுத்துத் தடுக்காமல் வந்துவிட்டது! ஜெரூஷாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கப்போய்ச் சந்தனமெல்லாம் கன்னத்தில் அப்பிக்கொண்டது.

வெற்றிவேல் அவளைப் பார்த்தார், வேகன்களைப் பார்த்தார். ஜிகினா மின்னிய நிலக்கரி வேகனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது இன்னாம்மா?"

"துரு… போட்டுப் பார்த்தேன். ஐ ஷேடோ."

அவர் சிரித்துவிட்டார். முதலில் அடக்கி, பிறகு முடியாமல், தோள் குலுங்கக் குலுங்க. ஸ்ரீரங்கன் சிரித்தான். தினகரன்கூட வேட்டியால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார்.

"இந்தப் பையைக் கொஞ்சம் புடிம்மா" என்று வெற்றிவேல் ஜிப்பைத் திறந்து, அடியில் கையை விட்டுத் துழாவினார். பழைய பனியனில் சுருட்டிய ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பிரித்தார். பிரேக் வேன். கூரையில் கரி, படியில் துரு, ஜன்னலுக்குக் கீழே மழைத்தண்ணீர் வழிந்த கோடு. எல்லாம் அப்படியே இருந்தன.

"இது உங்கிட்டதான் கீதுன்னு எனக்குத் தெரியும்டா" என்றார் தினகரன். "கடைசிப் பெட்டி இல்லாம வண்டி எப்பிடிடா கெளம்பும்? கொணாந்துதானே ஆவணும்னு இருந்தேன்."

வெற்றிவேல் அதை வரிசையின் கடைசியில், காலியாகக் கிடந்த இடத்தில் வைத்துக் கொக்கியை மாட்டினார். பளபளக்கும் வண்டிக்குப் பின்னால் அது ஒன்று மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்ததுபோல் நின்றது.

"இதுக்கும் பொட்டு வெச்சிடும்மா ஜெரூஷா. கழுவிடாத."

அவள் சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைக்கக் குனிந்தாள். ஜிப் இன்னும் திறந்திருந்தது. மடித்த சட்டைகள். லுங்கி. ஷேவிங் செட். ஒரு மாசத்துக்கு வாங்கிய மாத்திரை அட்டைகள். ஒரு மணி நேரம் வந்துபோகிறவர் எடுத்துவரும் சாமான் இல்லை. மேலே கிடந்த அவர் போன் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. கனகவல்லி, எடுக்காமல் விட்ட பதினெட்டு அழைப்புகள்.

நிமிர்ந்தாள். வெற்றிவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு போயிருந்தது. வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார். அண்ணன் காதில் இப்போது விழ வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது.

"வெற்றி, ராத்திரி சாப்பிட்டுட்டுத்தானே கெளம்புவ?" என்று சமையலறையிலிருந்து சந்திரிகா கேட்டாள்.

அவர் கண் பையின்மேல் போனது.

ஜெரூஷா பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

"சின்ன மாமா இன்னிக்கு இங்கதான் அத்தை" என்றாள். "மாடி ரூம்ல நான் பாய் தலகாணி போட்டுடறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் மாடிப்படி ஏறினாள். அது நல்ல கனமாக இருந்தது.